செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன் எர்த் ஒயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வந்த பழைய கார் பற்றிய கட்டுரையை நானும், எங்கள் கோத்தகிரிப் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கும் இன்னும் சிலரும் படித்தோம். பழைய கார்களைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஓரிடத்தில், மலையூரில் குளிர்காலத்தில் காலையில் செல்ஃப் எடுக்காத வண்டிகளுக்கு ஒரே வழி இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் பழைய செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புது மாடல் கியர் ரிடக்‌ஷன் மோட்டாரை மாட்டுவதுதான், அது எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தது. இதில் பாதி அவசர யோசனை, மீதி தப்பு. எந்த வண்டிக்கும் பொருந்தும் என்பதை நம்பி யாராவது வேலையில் இறங்கினால் பணமும் போகும், சில சமயம் வண்டியும் பாழாகும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வைத்திருப்பது அம்பாசிடர் மார்க் டூ. அப்பா காலத்து வண்டி. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், அதில் இருப்பது பழைய பென்டிக்ஸ் வகை செல்ஃப், இன்றும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மாவட்டத்தில் எஸ்டேட்டுகளிலும் பழைய பங்களாக்களிலும் மோரிஸ் மைனர், ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வில்லீஸ் ஜீப், லேண்ட் ரோவர் என்று எத்தனையோ வண்டிகள் தார்ப்பாய்க்குள் இருக்கின்றன. அவற்றின் செல்ஃப் மோட்டார்கள் பெரும்பாலும் அசல். ஒரு முறை காயலான் கடைக்குப் போய் அதிலுள்ள செம்புக் கம்பிக்காக உடைக்கப்பட்டுவிட்டால் அப்புறம் எங்கே தேடுவது?

முதலில், குளிரில் ஏன் இழுக்கவில்லை என்று பார்ப்போம். தலைக்குந்தா, காந்தல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி முழுக்க உறைபனி படிவது உங்கள் நாளிதழிலேயே வருடா வருடம் படமாக வருகிறது. அந்தக் குளிரில் ஒரு லெட் ஆசிட் பேட்டரியைக் கொண்டுபோய் வைத்தால், சமவெளியின் வெயிலில் அது கொடுக்கும் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பூஜ்ஜியம் டிகிரியில் காணாமல் போய்விடும். அதே நேரத்தில் இன்ஜினுக்குள் இருக்கும் 20டபிள்யூ50 ஆயில் கெட்டியாகிக் கிடக்கும், பிஸ்டன் நகரவே கூடுதல் பலம் வேண்டும். கொடுப்பவரிடம் குறைந்துவிட்டது, கேட்பவருக்கு அதிகம் தேவைப்படுகிறது. இதற்கு நடுவில் மாட்டிக்கொள்வது செல்ஃப் மோட்டார்தான், பழியும் அதன் மேலேயே விழுகிறது. இன்னொன்றும் உண்டு. ஊட்டி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். கீழே மேட்டுப்பாளையத்தில் டியூன் செய்த கார்பரேட்டர் மேலே வந்தால் பெட்ரோலை அதிகமாகக் கலக்கும். அதோடு, குளிரில் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கையும் முழுசாக இழுத்துப் பிடித்தால் பிளக் நனைந்துபோய், எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. அப்படிச் சுற்றிச் சுற்றியே பேட்டரி இறங்கிவிடும், கடைசியில் செல்ஃப் போச்சு என்பார்கள்.

சரி, மோட்டாரே சந்தேகம் என்றால் அதைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியது ஒயர். செல்ஃப் சுற்றும்போது அதற்குள் 150, 200 ஆம்பியர் வரை ஓடுகிறது. மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியன் சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் 400ஐயும் தாண்டும். அவ்வளவு பெரிய கரண்ட் போகிற வழியில் சின்னத் தடை இருந்தாலே போதும். ஒரு ஓமில் இருநூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், 200 ஆம்பியர் அதில் போகும்போது அந்த ஒரு இடத்திலேயே ஒரு வோல்ட் தொலைந்துவிடும். இப்படி மூன்று இடம் இருந்தால், குளிரில் ஏற்கெனவே தொங்கிப் போயிருக்கும் பேட்டரி மோட்டாருக்கு என்ன கொடுக்கும்? பச்சை பூத்த டெர்மினல், உள்ளே அரித்துப்போன கேபிள், வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். கையால் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மல்டிமீட்டர் ஒன்று இப்போது எல்லா எலக்ட்ரிக் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் இல்லை, நடுவில் இருக்கும் ஈயக் கம்பத்தின் மேல். மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில் வையுங்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, இன்ஜின் பிடித்துவிடாமல் இருக்க இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, செல்ஃப் போடச் சொல்லுங்கள். மோட்டார் சுற்றும்போது மீட்டர் காட்டுவது அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் குற்றவாளி அந்தப் பாதையில்தான் இருக்கிறான். அடுத்து அதே மாதிரி எர்த் பக்கம்: ஒரு முனை பேட்டரியின் இன்னொரு கம்பத்தில், மறுமுனை செல்ஃப் மோட்டாரின் உடம்பில். இதுவும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், அதற்கும் கீழே இருந்தால் நல்லது. பெரும்பாலான பழைய வண்டிகளில் தோற்பது இந்த எர்த் பக்கம்தான் என்பது என் அனுபவம்.

ஏனென்றால் இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் இன்ஜினுக்கும் மின்சாரம் போக ஒரே பாலம், பின்னல் கம்பியால் ஆன அந்த எர்த் ஸ்ட்ராப். கிளட்ச் வேலைக்கோ கியர்பாக்ஸ் வேலைக்கோ இறக்கியபோது யாரோ ஒருவர் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார், அல்லது பெயின்ட் அடித்த இடத்தில் போல்ட் முறுக்கியிருப்பார். அப்போது அந்த 200 ஆம்பியர் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த உலோகத்தின் வழியாகத் திரும்பும். செல்ஃப் போட்டதும் டேஷ்போர்டில் சோக் குமிழ் சுடுகிறதா, சோக் கேபிளின் உறை பொசுங்கிய வாசம் வருகிறதா? எர்த் ஸ்ட்ராப் போய்விட்டது என்று அர்த்தம். புது மோட்டார் மாட்டினாலும் அதே கதைதான் நடக்கும், இந்த முறை கேபிள் எரியும்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃபை அழுத்துங்கள். லைட் மங்காமல் அப்படியே எரிந்து, மோட்டாரும் சும்மா இருந்தால் கரண்ட் மோட்டாருக்குள் போகவே இல்லை, ஸ்விட்ச், சொலினாய்டு (பெரிய கரண்டை மோட்டாருக்குத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்), கார்பன் (மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்குக் கரண்டைக் கடத்தும் கட்டை) இவற்றில் ஏதோ ஒன்றில் கோளாறு. லைட் நன்றாக மங்கி மோட்டார் முனகினால் பேட்டரி பலவீனம், இல்லையென்றால் பினியன் சிக்கியிருக்கிறது. லைட் ஒரேயடியாக அணைந்துவிட்டால் பேட்டரி டெர்மினலைத்தான் முதலில் கழற்றிச் சுரண்ட வேண்டும்.

இந்த பென்டிக்ஸ் வகை எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மோட்டாரின் தண்டின் மேல் திருகு மாதிரி மரை வெட்டிய ஒரு குழல், அதன் மேல் ஒரு சின்னப் பல்சக்கரம், அதுதான் பினியன். மோட்டார் சட்டென்று சுழல ஆரம்பிக்கும்போது பினியன் தன் கனத்தினால் உடனே சேர்ந்து சுழலாமல் பின்தங்குகிறது. பின்தங்குவதால் மரையின் வழியே நகர்ந்து இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் ரிங் கியருக்குள் பல்லை நுழைக்கிறது. இன்ஜின் பிடித்து வேகமெடுத்ததும் அதே மரை பினியனைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. தள்ளிவிட ஆள் வேண்டாம், லிவர் வேண்டாம். இதில் ஒரு குறை உண்டு, நம் மலையில் அது நன்றாகவே தெரியும். குளிரில் இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றால்கூட பினியன் வெளியே வந்துவிடும். பதற்றத்தில் உடனே மறுபடியும் செல்ஃபை அழுத்தினால், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீலில் பினியன் போய் மோதும். அந்தக் கரகர சத்தம் ஒவ்வொன்றும் ரிங் கியர் பல்லின் நுனி உடைகிற சத்தம். எல்லாம் அடங்கும்வரை மூச்சை இழுத்துவிட்டு அப்புறம் அழுத்த வேண்டும். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தவும் கூடாது, மோட்டாருக்கு ஆற நேரம் கொடுக்க வேண்டும்.

பினியன் சிக்கிக்கொண்டு டக் என்ற சத்தத்தோடு எல்லாம் நின்றுவிட்டால் சுத்தியலை எடுக்க வேண்டாம். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியுடையது மாதிரி மோட்டார்கள் பலவற்றின் பின்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைக் கழற்றினால் தண்டின் சதுர முனை தெரியும், ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் பினியன் விடுபடும். அல்லது இக்னிஷனை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னுமாக ஆட்டினாலும் வந்துவிடும். ஆனால் இதைச் சமதளத்தில் மட்டும் செய்யுங்கள். எங்கள் ஊரில் வீட்டு வாசல் எல்லாமே சரிவுதான், சக்கரத்துக்குக் கல் வைக்காமல் இந்த வேலை வேண்டவே வேண்டாம். பழைய வண்டிக்காரர்கள் பலர் இறக்கத்தைப் பார்த்து நிறுத்திவைத்து, காலையில் உருட்டிவிட்டு கிளட்ச்சை விடுவது வழக்கமாகிவிட்டது. கட்டபெட்டு ரோட்டிலும் குன்னூர் இறக்கத்திலும் இன்று இருக்கிற போக்குவரத்தில், இன்ஜின் பிடிக்காமல் ஒரு வண்டி கொண்டை ஊசி வளைவை நோக்கி உருள்வது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள், ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள், டைமிங் முன்னே இருந்தால் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு உடையும். இந்த ஆபத்துதான் மின்சார செல்ஃபே வரக் காரணம். 1912 மாடல் கேடிலாக்கில் அது முதலில் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

இவ்வளவும் பார்த்த பிறகு உண்மையாகவே மோட்டாரில்தான் கோளாறு என்றால், அப்போதும் முதல் வழி அதைச் சரிசெய்வதுதான். செல்ஃப் மோட்டார் எளிமையான பொருள். கழற்றும் முன் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிடுங்கள், இதை மறந்து ஸ்பேனரால் ஷார்ட் ஆகிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறைய. பிரித்துப் பார்த்தால் தேய்வது பெரும்பாலும் மூன்று பொருள்கள்தான், கார்பன், தண்டைத் தாங்கும் புஷ், பென்டிக்ஸ். கார்பன் 8 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். மோட்டாருக்குள் காந்தமாக வேலை செய்யும் ஃபீல்டு காயிலோடு சேர்ந்த கார்பன்களைப் பற்றவைக்க ரேடியோ ரிப்பேர் சால்டரிங் அயர்ன் போதாது, பெரியது வேண்டும், இல்லையென்றால் அடுத்த குளிருக்கே விட்டுவிடும்.

புஷ் விஷயத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. அது நுண்துளைகள் உள்ள வெண்கலம், எண்ணெயைத் தனக்குள் குடித்துவைத்துக்கொண்டு தண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது. மாட்டும் முன் ஒரு முழு நாள் மெல்லிய இன்ஜின் ஆயிலில் ஊறப் போட வேண்டும். லேத்தில் கொடுத்துக் கடைந்த சாதாரணப் பித்தளை புஷ்ஷை அடித்து ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள், நுண்துளை புஷ்ஷையே ஏற்றிவிட்டு அப்புறம் உள்பக்கத்தைச் சீவும் ரீமர் போட்டு அந்தத் துளைகளை அடைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே சீக்கிரம் தேயும். புஷ் தேய்ந்தால் உள்ளே சுழலும் பாகமான ஆர்மேச்சர் தொங்கி, சுற்றியிருக்கும் இரும்பில் உரசும், உரசினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், கரண்டை மட்டும் வாரிக் குடிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வைண்டிங் போன மாதிரியே தெரியும். இரண்டு புஷ் மாற்றினால் முடிகிற வேலைக்கு மோட்டாரையே தூக்கிப் போட்ட வண்டிகளை இந்த மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

கார்பன் உரசும் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டரைக் கண்ணாடித்தாள் கொண்டுதான் தேய்க்க வேண்டும், எமரித் தாள் கூடாது, அதன் துகள் செம்பில் பதிந்து தீப்பொறி கிளப்பும். இன்னொன்று, பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவின் வேலை பழகியவர்கள் கம்யூட்டேட்டர் துண்டுகளுக்கு இடையே உள்ள மைக்காவைப் பழக்கத்தில் ரம்பத்தால் அறுத்துத் தாழ்த்திவிடுவார்கள். டைனமோவுக்கு அது சரி. லூகாஸ் வகை செல்ஃப் மோட்டாருக்கு அப்படிச் செய்யக் கூடாது, இது பழைய சர்வீஸ் புத்தகங்களிலேயே தெளிவாக இருக்கிறது. பென்டிக்ஸ் மரையை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள், கிரீஸ் தடவாதீர்கள். கிளட்ச் தூசி அதில் ஒட்டி, குளிரில் பசை மாதிரி ஆகி, மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றும், பினியன் நகராது. நம் ஊர் பனிமூட்டத்தில் மாதக்கணக்கில் நிற்கிற வண்டிகளுக்கு மரையில் துரு ஏறுவதும் இதே அறிகுறியைத்தான் காட்டும்.

ரிங் கியரையும் பார்த்துவிட வேண்டும். நான்கு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது கம்ப்ரஷன் தடுத்து ஏறக்குறைய எப்போதும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் நிற்கும். அதனால் ரிங் கியரும் அந்த இரண்டு இடங்களில்தான் தேயும். ஒரு நாள் நன்றாக எடுக்கிறது, ஒரு நாள் கரகரக்கிறது, ஹேண்டிலால் கொஞ்சம் திருப்பிவைத்தால் மறுபடி எடுக்கிறது என்றால் கோளாறு மோட்டாரில் இல்லை. புது ரிங் போட கியர்பாக்ஸ் இறக்க வேண்டும், செலவுதான், ஆனாலும் அதுதான் வைத்தியம். புது ரிங்கை இளநீல நிறம் வரும்வரை, அதாவது 300 முதல் 400 டிகிரிக்குள், சூடாக்கி ஃப்ளைவீலில் இறக்க வேண்டும். கேஸ் வெல்டிங் தீயில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் பல்லின் உறுதி போய்விடும், அடுத்த சீசனுக்குள் மறுபடி அதே வேலை.

இப்போது புது மோட்டார் மாட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரி இல்லை. கியர் ரிடக்‌ஷன் மோட்டார் சின்னது, எடை குறைவு, உள்ளே வேகமாகச் சுற்றி அதைப் பல்சக்கரத்தால் குறைத்துத் திருப்பும் பலமாக மாற்றுகிறது, குறைந்த கரண்டில் கெட்டியான இன்ஜினைத் திருப்பிவிடும். வயதானவர்கள் ஓட்டும் வண்டிக்கு, தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கோ ஸ்கூலுக்கோ போக வேண்டிய வண்டிக்கு அது நல்லதுதான். அசல் மோட்டாரின் ஆர்மேச்சர் வெடித்து, மாற்று கிடைக்காத வண்டிக்கும் வேறு வழியில்லை. ஆனால் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்ற பேச்சு மட்டும் வேண்டாம்.

முக்கியமான ஒன்றை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். பழைய செல்ஃப் மோட்டாருக்கு அதனால் ஒரு கவலையும் இல்லை, ஏனென்றால் அதன் காந்தமும் காயிலால் ஆனது. பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் காயிலிலும் ஆர்மேச்சரிலும் சேர்ந்தே கரண்ட் திசை மாறும், சுற்றும் திசை மாறாது. புது வகை சின்ன மோட்டார்கள் பலவற்றில் இருப்பது நிலைக் காந்தம். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அதை மாட்டினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் வழுக்கி, சத்தம் மட்டும் வரும், இன்ஜின் அசையாது. சரி, வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிடலாம் என்றால் முடியும், ஆனால் டைனமோவின் ஃபீல்டுக்குத் திசை மாற்றிக் கொடுக்க வேண்டும், அம்மீட்டர் ஒயரையும் காயில் ஒயரையும் மாற்ற வேண்டும், பழைய ரேடியோ இருந்தால் அதைக் கழற்றிவைக்க வேண்டும். இதெல்லாம் சொல்லாமல் மோட்டாரை மட்டும் வாங்கி மாட்டுங்கள் என்றால் என்ன நியாயம்?

அடுத்தது பல். பென்டிக்ஸ் வகைக்கான ரிங் கியரும், லிவர் பினியனைத் தள்ளிவிடும் பிற்கால வகைக்கான ரிங் கியரும் ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. பல்லின் எண்ணிக்கை மாறும், பல்லின் நுனி சாய்வாகச் சீவப்பட்டிருக்கும் பக்கமும் மாறும். பினியன் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறதோ அந்தப் பக்கம் சாய்வு இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் இருந்தால் கூர் முனையில் முட்டி இரண்டு பல்லும் சேதம். போல்ட் துளை பொருந்தினால் போதும் என்று மாட்டக் கூடாது. அதே குடும்பத்து டீசல் இன்ஜினின் மோட்டார் கிடைத்தது, பலம் கூட இருக்கும் என்று பெட்ரோல் வண்டியில் ஏற்றுகிறவர்களும் முதலில் பினியன் பல்லை எண்ணிப் பார்க்கட்டும். வில்லீஸ் ஜீப்புக்காரர்கள் வோல்ட்டையும் பார்க்க வேண்டும், பழைய 6 வோல்ட் வண்டிகள் இன்னும் இருக்கின்றன.

ஒயரிங்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய வண்டியில் சொலினாய்டு தனியாக ஃபயர்வால் பக்கம் இருக்கும், புது மோட்டாரில் அதன் முதுகிலேயே இருக்கும். சுலபமாக முடிக்க வேண்டும் என்று புது மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் சின்ன டெர்மினலுக்கும் ஒரு துண்டு ஒயரைப் போட்டு இணைத்துவிடுகிறார்கள். வேலை செய்யும். ஆனால் ஸ்விட்சை விட்ட பிறகும், நிலைக் காந்த மோட்டார் சுற்றிக்கொண்டே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கும், அது சொலினாய்டைப் பிடித்துவைத்திருக்கும், பினியன் ரிங் கியரை விட்டு உடனே வெளியே வராது. சரியான முறை, பேட்டரியிலிருந்து தடித்த கேபிளை நேராக மோட்டாருக்குக் கொண்டுபோய், பழைய சொலினாய்டைச் சின்ன டெர்மினலுக்கு மட்டும் ரிலே மாதிரி வைத்துக்கொள்வது. அப்போது அந்தத் தடித்த கேபிளில் எந்நேரமும் மின்சாரம் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அது ஸ்டீயரிங் பாக்ஸிலோ சைலென்சர் பைப்பிலோ உரசாமல் உறை போட்டுக் கிளிப் அடிக்க வேண்டும். உரசினால் வண்டி தீப்பிடிக்கும்.

எல்லாவற்றையும் விட நான் வேண்டிக் கேட்பது, திரும்ப முடியாத வேலை எதையும் செய்யாதீர்கள். புது மோட்டார் இடிக்கிறது என்று கியர்பாக்ஸ் கூட்டைக் கிரைண்டரால் சீவியவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் அந்த வண்டிக்கு அசல் மோட்டார் கிடைத்தாலும் ஒழுங்காக உட்காராது. அடாப்டர் தகடு போட்டு மாட்டுங்கள், பழைய மோட்டாரைச் சுத்தம் செய்து, எந்த வண்டியுடையது என்று சீட்டு எழுதிக் கட்டி, ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டி அசல் வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு விஏ என்ற எழுத்துகளோடு எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது அதன் நிபந்தனை. போல்ட்டில் மாட்டிய செல்ஃப் மோட்டாரைத் திரும்பக் கழற்றிவிடலாம். வெட்டிய கூட்டை என்ன செய்வது?

இதில் எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. இந்த வேலை தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் மலையில் குறைந்துகொண்டே வருகிறார்கள். முன்பு ஊட்டியிலும் குன்னூரிலும் மோட்டாரைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தே எந்த புஷ் போயிருக்கிறது என்று சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். இப்போது பலருக்குக் கழற்றி மாட்டத்தான் தெரிகிறது. வைண்டிங் வேலைக்குக் கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டும், மில்லும் பம்ப்செட்டும் வளர்ந்த ஊர் என்பதால் அங்கே தெருவுக்குத் தெரு வைண்டிங் கடை. ஆனால் செல்ஃப் ஆர்மேச்சரில் இருப்பது பம்ப்செட் மாதிரி மெல்லிய கம்பி இல்லை, தடித்த செம்புப் பட்டை. அதைச் செய்கிறவர் யார் என்று விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும். ஐடிஐ மாணவர்களுக்கு மோட்டார் மெக்கானிக் பாடத்தில் சென்சாரும் ஸ்கேனரும் கட்டாயம் வேண்டும், மறுக்கவில்லை. அதோடு ஒரு பழைய செல்ஃப் மோட்டாரைப் பிரித்துக் கார்பன், புஷ் மாற்றிக் கோக்கும் வேலையையும் ஒரு வாரம் வைத்தால், சீசனுக்குச் சீசன் பழைய வண்டிகளைப் பார்க்கவே ஆட்கள் வரும் இந்த ஊரில் அந்தப் பிள்ளைகளுக்குப் பிழைப்புக்கும் வழி இருக்கும். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வந்து சொல்லிக்கொடுப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கூப்பிட வேண்டும்.

கோயம்புத்தூரில் ஜிடி நாயுடு குடும்பத்தார் நடத்தும் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப்போகிறவர்களுக்கும் ஒரு யோசனை. வண்டிகளின் வெளிப் பளபளப்போடு நிற்காமல், ஹேண்டில் போடும் துளை எங்கே இருக்கிறது, செல்ஃப் ஸ்விட்ச் காலுக்கா கைக்கா என்று காட்டிக்கொடுங்கள். அந்த வயதில் பார்த்தது மறக்காது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. இவ்வளவு நீளக் கடிதத்தை முழுவதும் போட இடமிருக்காது என்று தெரியும், வெட்டிப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் பாசிட்டிவ் எர்த் வண்டியில் நிலைக் காந்த மோட்டார் வேலை செய்யாது என்பதையும், மோட்டாரைக் கழற்றும் முன் எர்த் ஸ்ட்ராப்பைப் பாருங்கள் என்பதையும் வரும் வாரமே அதே வாகனப் பகுதியில் திருத்தமாகப் போட்டுவிடுங்கள். கட்டுரை வந்த மறுநாளே எங்கள் ஊரில் ஒருவர் தன் மோரிஸ் மைனருக்குப் புது மோட்டார் விலை விசாரிக்கக் கிளம்பிவிட்டார். நாங்கள் நிறுத்திவைத்திருக்கிறோம், மற்ற ஊர்களில் யார் நிறுத்துவார்கள் என்று தெரியவில்லை.

அன்புடன்,
பழைய அம்பாசிடர் வைத்திருக்கும் வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்